நைட் ஷிப்ட் உடம்புக்குப் பழகிடுமா? ஜீனுக்குள்ள ஓடும் கடிகாரம் பற்றி ஒரு நீண்ட இழை

1/
"பத்து வருஷமா நைட்தான் டாக்டர். உடம்பு பழகிடுச்சு."

ஓபியில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. மில் தொழிலாளி, செக்யூரிட்டி, லாரி டிரைவர், ஐடி ஊழியர், ஸ்டாஃப் நர்ஸ் எல்லாரும் சொல்றாங்க.

மனசு பழகலாம். குடும்பம் பழகலாம். ஆனா செல்லுக்குள்ள இருக்கிற ஜீன்கள் அவ்வளவு சுலபத்தில் பழகுவதில்லை. ஏன் என்று இந்த இழையில் சொல்றேன். கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

டூட்டி ரோஸ்டர் என்பது வெறும் நிர்வாகத் தாள் இல்ல. அது ஒரு மருந்துச் சீட்டு மாதிரி. எத்தனை டோஸ், எவ்வளவு இடைவெளி, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கணக்கெல்லாம் அதுக்கும் உண்டு.

பெரும்பாலான இடங்களில் அந்தக் கணக்கே பார்க்காமல் ரோஸ்டர் போடறாங்க. பின்விளைவை மட்டும் வேலை பார்க்கிறவர் சுமக்கிறார். இது தனிமனித ஒழுக்கப் பிரச்சினை இல்ல, பொதுச் சுகாதாரப் பிரச்சினை.

இனி இதுக்குப் பின்னால இருக்கிற அறிவியலைப் பார்ப்போம்.

3/
நம்ம ஊர் ரோட்டோரத்துல தூங்குமூஞ்சி மரம் பார்த்திருப்பீங்க. சாயங்காலம் ஆனா இலையை மடிச்சுக்கும், காலையில் விரிக்கும். வெயில் போனதால மூடுதுன்னு நினைக்கிறோம்.

1729ல் பிரான்ஸைச் சேர்ந்த டி மெய்ரான் என்ற வானியல் அறிஞர், இதே மாதிரி இலை மடிக்கும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது பகல் வேளையில் இலையை விரித்தது, இரவு வேளையில் மடித்தது.

அதாவது செடி வெயிலைப் பார்த்து மட்டும் நடக்கவில்லை. அதுக்குள்ளேயே நேரம் ஓடிக்கிட்டிருக்கு.

4/
அந்த நேரம் எங்கே எழுதியிருக்கு என்று கண்டுபிடிக்க 240 வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1971. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனம். சீமோர் பென்சர், அவருடைய மாணவர் ரொனால்ட் கொனொப்கா. ஆராய்ச்சிக்கு எடுத்தது பழ ஈ. வாழைப்பழம் பழுத்தா சுத்தி சுத்தி வருமே, அதே சின்ன ஈ.

மரபணு மாறிய ஈக்களில் மூன்று வகை கிடைத்தது. ஒன்றுக்கு ஒரு "நாள்" 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவதுக்கு நேரமே இல்ல, கண்டபடி தூங்கும், கண்டபடி விழிக்கும்.

மூன்றிலும் பழுது ஒரே ஜீனில். அதுக்குப் பெயர் வச்சாங்க: பீரியட்.

5/
தூக்கம் விழிப்பு மாதிரி ஒரு நடத்தையை ஒற்றை ஜீன் இப்படி மாற்றும் என்பதை அன்றைக்குப் பல விஞ்ஞானிகள் நம்பத் தயாராக இல்லை.

1984ல் அந்த ஜீனைப் பிரித்தெடுத்தாங்க. ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஒரு பக்கம், மைக்கேல் யங் இன்னொரு பக்கம். அது எப்படி நேரம் காட்டுது என்பதை அடுத்த பதினைந்து வருஷங்களில் படிப்படியாகப் பிரிச்சுக் காட்டினாங்க.

2017ல் மூவருக்கும் மருத்துவ நோபல். ஈயை வைத்துத் தொடங்கிய வேலை. ஆனா அதே அடிப்படை அமைப்புதான் நம்ம உடம்பிலும்.

6/
எப்படி வேலை செய்யுது? உங்க வீட்டு மாடி டேங்கை நினைச்சுக்கோங்க. சென்சார் வச்ச டேங்க்.

மோட்டார் ஓடுது, தண்ணி ஏறுது. நிறைஞ்சதும் சென்சார் மோட்டாரை நிறுத்துது. வீட்டுல தண்ணி செலவாகுது, மட்டம் இறங்குது. மறுபடி மோட்டார் ஓடுது.

நம்ம செல்லில் மோட்டார் என்பது க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரோட்டீன்கள். இவை சேர்ந்து பெர், க்ரை என்ற ஜீன்களை ஆன் செய்யும். அந்த ஜீன்களில் இருந்து வரும் புரோட்டீன்தான் தண்ணி.

அது சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் செல்லின் கருவுக்குள் போய் மோட்டாரையே நிறுத்திடும். பிறகு அந்தப் புரோட்டீன் சிதையும். தடை நீங்கும். மோட்டார் மறுபடி ஓடும்.

இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம்.

7/
நியாயமான கேள்வி வரும். செல்லுக்குள் வேதிவினை எல்லாம் நொடியில் நடக்குமே, இதுக்கு மட்டும் ஏன் ஒரு நாள் ஆகுது?

டேங்க்ல ஓட்டை இருக்கு. வேணும்னே வச்ச ஓட்டை. பெர் புரோட்டீன் உருவாக உருவாக, அதில் ஒரு பகுதியைச் சிதைவுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கிற என்சைம் ஒன்று உண்டு. ஈயில் அதைக் கண்டுபிடித்தது மைக்கேல் யங் குழு. அதனால் டேங்க் மெதுவாத்தான் நிறையும். அந்தத் தாமதம்தான் கடிகாரத்தையே ஓட்டுது.

ஓட்டையின் அளவு கொஞ்சம் மாறினால் நாளின் நீளமே மாறும். அந்த 19 மணி நேர ஈயும் 28 மணி நேர ஈயும் இப்படிச் சுற்றின் வேகம் மாறிப்போனவைதான்.

8/
சரி, இந்தக் கடிகாரம் தன்னைத் தானே சுத்திக்கிட்டா நமக்கென்ன?

விஷயம் இங்கேதான். அந்த மோட்டார் பெர், க்ரை இரண்டை மட்டும் ஆன் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான ஜீன்களின் சுவிட்சையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அதுதான் இயக்குது.

ஒரு ஹோட்டலை நினைச்சுக்கோங்க. மாஸ்டர் அதே ஆள், அடுப்பும் அதே அடுப்பு. ஆனா காலையில் இட்லி பொங்கல், மதியம் சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜி, ஆறு மணிக்கு மேல் பரோட்டா. நேரத்துக்கு ஏத்த மாதிரி சமையல் மாறுது.

உங்க கல்லீரலும் அப்படித்தான். டிஎன்ஏ நாள் முழுக்க ஒன்றுதான். அதில் எந்தப் பக்கத்தை எந்த நேரத்தில் படிப்பது என்பதை முடிவு பண்றதில் கடிகாரத்துக்குப் பெரிய பங்கு.

9/
எத்தனை ஜீன்கள் இப்படி நேரம் பார்த்து வேலை செய்யுது?

2014ல் எலியின் 12 உறுப்புகளை எடுத்துப் பார்த்தாங்க. புரோட்டீன் உருவாக்கும் ஜீன்களில் 43 சதவீதம், ஏதாவது ஒரு உறுப்பிலாவது 24 மணி நேரத் தாளத்தில் ஏறி இறங்கியது.

2018ல் பபூன் குரங்கு. நம்மைப் போல பகலில் விழித்திருக்கும் விலங்கு. 64 திசுக்கள். அங்கே அந்தக் கணக்கு 80 சதவீதத்துக்கும் மேல். அந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர் ஒடிசாவைச் சேர்ந்த சச்சிதானந்த பாண்டா.

அதாவது நேரம் பார்த்து வேலை செய்வது சில ஜீன்களின் தனிப் பழக்கம் இல்ல. உடம்பின் பொது வழக்கமே அதுதான்.

10/
உங்க உடம்பில் இதைத் தினமும் பார்க்கலாம்.

விடியற்காலையில் நீங்க எழுவதற்கு முன்பே கார்ட்டிசால் ஹார்மோன் ஏற ஆரம்பிக்குது. உடம்பு எழத் தயாராகுது.

இரவு நெருங்கும்போது மெலட்டோனின் ஏறுது. உடல் வெப்பம் இறங்குது, அதிகாலையில் மிகக் குறைவான மட்டத்துக்கு வருது.

அதே அளவு சாப்பாட்டை காலையில் சாப்பிட்டால் சுகர் ஏறுவதை விட, ராத்திரி சாப்பிட்டால் கூடுதலா ஏறுது.

ஆஸ்துமா நோயாளிக்கு இழுப்பு பின்னிரவில் கூடும். மாரடைப்பு காலை வேளையில் அதிகம். எமர்ஜென்சி டூட்டி பார்த்த எவருக்கும் இது புதுசு இல்ல.

11/
கடிகாரம் மூளையில் மட்டும்தானா? இல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் ஒன்று. 1998ல் ஜெனீவாவில் ஷிப்லர் குழு, ஆய்வுக்கூடத் தட்டில் பல காலமா வளர்க்கப்பட்ட செல்களிலேயே இந்தத் தாளம் ஓடுவதைக் காட்டியது.

இத்தனை கடிகாரத்தையும் ஒன்றாக ஓட வைப்பது மூளையில் ஹைப்போதலமஸ் பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் கூட்டம். இரண்டு கண்ணின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள். அதைத் தலைமைக் கடிகாரம் என்று சொல்லலாம்.

12/
அதன் சொந்த வேகம் நம்மில் பெரும்பாலோருக்கு 24 மணியை விடக் கொஞ்சம் கூட. சராசரியா பத்துப் பன்னிரண்டு நிமிஷம். தினமும் அதைத் திருத்தணும். திருத்துவது வெளிச்சம்.

கண்ணின் விழித்திரையில் பார்வைக்கான செல்கள் போக, வெளிச்சத்தை மட்டும் அளக்கிற தனி செல்கள் உண்டு. நீல ஒளிக்கு அவை நன்றாக வேலை செய்யும். அங்கிருந்து செய்தி நேரே தலைமைக் கடிகாரத்துக்குப் போகுது.

வெளிச்சமே உணர முடியாத பார்வையற்றவர்கள் சிலருக்கு இந்தத் திருத்தம் நடக்காது. அவர்கள் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கிட்டே போய், ஊர் நேரத்தோட ஒட்டாமல் சுற்றும்.

13/
ஆனா கல்லீரலுக்கு இன்னொரு எஜமான் உண்டு: சாப்பாடு.

எலி இரவில் சாப்பிடும் பிராணி. அதுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தால், சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் பகலுக்குத் திரும்பிடுது. மூளையின் கடிகாரம் மட்டும் வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு பழைய நேரத்திலேயே நிற்குது. 2000ல் வெளிவந்த ஆய்வு.

ஒரே உடம்புக்குள் இரண்டு நேரம். இதை மனசில் வச்சுக்கோங்க. நைட் ஷிப்ட்டின் பிரச்சினையே இதுதான்.

14/
இந்த ஆராய்ச்சியில் நம்ம மதுரைக்கும் இடம் உண்டு. பலருக்குத் தெரியாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆராய்ச்சியை வளர்த்தார். வெளிச்சம், கடிகாரம், வெளியுலகச் சத்தம் எதுவும் எட்டாத தனி அறை கட்டி, அதில் மனிதர்களை நாள் கணக்கில் தங்க வைத்து அவர்கள் தூக்கத்தை அளந்தாங்க.

அவர் குழுவின் இன்னொரு வேலை வௌவால்கள். வெளிச்சம் எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலை அடைத்து வைத்தாலும், சுற்றி மற்ற வௌவால்கள் சாயங்காலம் பறந்து போய் விடியலில் திரும்பினால், அடைபட்டதும் அதே நேரத்தைப் பிடிச்சுக்குது. ஆள் இல்லாத குகையில் தனியா வைத்தால் அதன் நேரம் விலகிப்போகுது. 1981ல் வெளியிட்டாங்க.

15/
மனிதனுக்கு வெளிச்சம்தான் முதல் குறிப்பு. ஆனா சுற்றி இருக்கிற கூட்டமும் நம்மை இழுக்கும். இப்ப ஒரு நைட் ஷிப்ட் தொழிலாளியை யோசிச்சுப் பாருங்க.

காலை ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு வெளியே வர்றார். முகத்துல வெயில். தலைமைக் கடிகாரத்துக்கு "விடிஞ்சாச்சு, இதுதான் காலை" என்று செய்தி போயாச்சு.

வீட்டுக்கு வந்தா குக்கர் விசில், டிவி, காய்கறி வண்டி ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷின். வார லீவுல குடும்பத்தோட இருக்கணும்னு மறுபடி பகல் வாழ்க்கைக்கு மாறுறார்.

அவர் உடம்பு ராத்திரி ஆளாக மாறவே ஊர் விடுவதில்லை.

16/
அதே ஆள் ராத்திரி ரெண்டு மணிக்கு பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிடுறார். தப்பு சொல்லல. அந்த நேரத்துல அதுதான் கிடைக்குது, பசிக்குது, தூக்கம் வராம இருக்கணும்.

ஆனா உள்ளே கணையமும் கல்லீரலும் கடையைப் பாதி சாத்தி வச்சிருக்கு. ஹோட்டல்ல அடுப்பை அணைச்சிட்டு மாஸ்டர் தூங்கப் போன நேரத்துல பத்துப் பேர் சாப்பாடு கேட்ட மாதிரி. ஏதோ கொடுப்பாங்க. சரியா வராது.

17/
இது வெறும் உவமை இல்ல. அளந்து பார்த்திருக்காங்க.

2009, ஹார்வர்டு ஆய்வாளர்கள். ஆரோக்கியமான 10 பேர். ஆய்வுக்கூடத்துல 28 மணி நேர "நாள்" வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கடிகாரத்தோட ஒட்டாத நேரத்துக்குத் தள்ளினாங்க.

நேரம் முழுசா தலைகீழானபோது சுகரும் ஏறியது, இன்சுலினும் ஏறியது, ரத்த அழுத்தமும் ஏறியது. போதிய அளவீடு கிடைத்த 8 பேரில் 3 பேருக்கு, சாப்பிட்ட பிறகு சுகர் நீரிழிவுக்கு முந்தைய நிலை அளவுக்குப் போனது.

சுகர் இல்லாதவர்கள். சில நாட்களிலேயே.

18/
2014, இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம். 22 பேர். தினமும் தூக்க நேரத்தை 4 மணி நேரம் தள்ளினாங்க. மூன்றே நாளில் பகல் தூக்கம் ஆகிடுச்சு. ரத்தத்தில் ஜீன் செயல்பாட்டை அளந்தாங்க.

சரியான நேரத்தில் தூங்கியபோது 6.4 சதவீத ஜீன்கள் தாளத்தோடு ஏறி இறங்கின. நேரம் மாறித் தூங்கியபோது அது 1 சதவீதமாகச் சுருங்கியது.

தாளம் போட்டவர்களில் பெரும்பாலோர் கையை நிறுத்திட்டாங்க. கச்சேரி எப்படி இருக்கும்?

19/
புற்றுநோய் பற்றியும் சொல்லணும். பயமுறுத்தாம சொல்றேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவுப் பணியை 2007ல் "புற்றுநோயை உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. 2019ல் மறுபடி ஆராய்ந்து அதே பிரிவில் வைத்தது.

இதன் பொருள் நைட் டூட்டி பார்த்தால் கேன்சர் வரும் என்பது அல்ல. ஆதாரம் எவ்வளவு வலுவா இருக்கு என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்லுது, ஒருத்தருக்கு ஆபத்து எவ்வளவு என்பதை இல்ல. ஆனா ஒரு ரசாயனம் இதே பிரிவில் இருந்தால் ஃபேக்டரியில் மாஸ்க் கொடுப்போம், நேரத்தைக் குறைப்போம், செக்கப் செய்வோம். இரவுப் பணிக்கு என்ன செய்யறோம்? டீ கொடுக்கிறோம்.

20/
"பழகிடும்" என்ற பேச்சுக்கு வருவோம்.

தொடர்ந்து நைட் மட்டுமே பார்ப்பவர்களிடமும் மெலட்டோனின் அளந்து பார்த்தால், தலைமைக் கடிகாரம் முழுசாகப் பகலுக்கும் இரவுக்கும் இடம் மாறியவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்குக் கடிகாரம் பகல் மனிதனாகவே இருக்கு. அவர்கள் மட்டும் ராத்திரி விழிச்சிருக்காங்க.

நாம் "பழகிடுச்சு" என்று சொல்வது பெரும்பாலும் சோர்வுக்குப் பழகியதைத்தான்.

21/
இந்த இடத்துல இன்னொரு கூட்டத்தையும் பார்க்கணும். "நாலு மணிக்கு எழுபவன்தான் ஜெயிப்பான்" கூட்டம்.

காலையில் எழுவது நல்ல பழக்கம், மறுக்கல. ஆனா எப்போது தூக்கம் வரும் என்பதில் ஜீனுக்கும் பங்கு உண்டு. மாலை ஏழரைக்கே தூங்கி விடியற்காலை நாலரைக்கு எழும் குடும்பங்கள் அமெரிக்காவில் இருந்தாங்க. 2001ல் பார்த்தால், பெர்2 ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. 2017ல் க்ரை1 ஜீனில் ஒரு மாற்றம் கிடைத்தது. அது இருப்பவர்களுக்குத் தூக்கமே தாமதமாத்தான் வரும்.

வளரிளம் பருவத்தில் எல்லாருக்குமே கடிகாரம் பின்னால தள்ளும். ராத்திரி 11 வரை படிக்க வச்சு, காலை 7 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ்ல உட்கார வச்சு, "தூங்கி வழியறான்" என்று திட்டுவது நியாயம் இல்ல.

22/
இதை நான் ஏன் நைட் ஷிப்ட்டோட சேர்த்துப் பேசறேன்னா, இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்.

நேரத்தை வேறொருத்தர் முடிவு பண்றார். விலையை உடம்பு கொடுக்குது. கடைசியில் "நீ ஒழுங்கா தூங்கல, ஒழுங்கா சாப்பிடல" என்று பழி அந்த ஆள் மேலேயே விழுது.

நாங்க டாக்டர்களும் இதில் அடக்கம். சுகர் கூடி வந்தவரிடம் "அரிசியைக் குறை, நடைப்பயிற்சி போ" என்று சொல்லி அனுப்பறோம். எந்த ஷிப்ட் என்று கேட்பதில்லை.

23/
இதில் அதிகம் அடி வாங்குவது பெண்கள்.

ஒரு ஸ்டாஃப் நர்ஸ் நைட் முடிச்சு எட்டரைக்கு வீட்டுக்கு வர்றாங்க. குழந்தைக்கு டிபன், லஞ்ச் பாக்ஸ், பள்ளிக்கூடம். துணி. மதிய சமையல். படுக்கும்போது 11 மணி. மூணு மணிக்குக் குழந்தை வந்துடும், எழுந்தாச்சு. ராத்திரி மறுபடி டூட்டி.

நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் கடிகாரம் "விழித்திரு" என்று சொல்லும் நேரத்தில். அன்றைக்கு ராத்திரி அவங்கதான் ஐசியூவில் மருந்து அளவைக் கணக்குப் போடணும். இது அவங்க உடம்புப் பிரச்சினை மட்டும் இல்ல, நோயாளியின் பாதுகாப்பும் இதில்தான் இருக்கு.

24/
"அதுக்காக ராத்திரி ஆஸ்பத்திரியை மூடச் சொல்றீங்களா?"

இல்ல. பிரசவம் நேரம் பார்த்து வராது. போலீஸ், ஆம்புலன்ஸ், மின்சாரம், பால் வண்டி, எல்லாம் ராத்திரி ஓடியே ஆகணும். யாரோ ஒருத்தர் விழித்திருக்கிறதாலதான் நாம தூங்கறோம்.

அதனால்தான் சொல்றேன். நம்ம எல்லாருக்காகவும் ஒருத்தர் தன் கடிகாரத்தை உடைச்சுக்கிறார். அதன் அளவைக் குறைக்கிற பொறுப்பு அவருக்கு மட்டும் இருக்க முடியாது.

அதே நேரம், ராத்திரி நடந்தே ஆகணும் என்ற அவசியம் இல்லாத வேலைகளும் நிறைய உண்டு. அங்கே "ஏன் ராத்திரி?" என்ற கேள்வியைக் கேட்கலாம்.

25/
ரோஸ்டரை மாற்றினால் பலன் உண்டா? உண்டு.

1982ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், உப்பு ஏரியில் இருந்து பொட்டாஷ் எடுக்கும் ஆலையில் செய்து பார்த்தாங்க. அங்கே ஷிப்ட் பின்னோக்கிச் சுத்திக்கிட்டிருந்தது: நைட், அப்புறம் மாலை, அப்புறம் காலை. அதுவும் வாரத்துக்கு ஒருமுறை மாற்றம்.

அதை முன்னோக்கித் திருப்பினாங்க: காலை, மாலை, நைட். மாற்றத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினாங்க. தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நலமும் கூடியது, உற்பத்தியும் கூடியது.

நம்ம கடிகாரம் 24 மணியை விடக் கொஞ்சம் நீளம் என்று சொன்னேனே? அதனால தாமதமா தூங்குவது சுலபம், சீக்கிரம் தூங்குவது கஷ்டம். ரோஸ்டரும் அந்தத் திசையில் சுத்தணும். இதுக்குப் பெரிய செலவு தேவையில்ல. பேனாவும் பேப்பரும் போதும்.

26/
ரோஸ்டர் போடும் கண்காணிப்பாளர், மேனேஜர், சூப்பர்வைசர் யாராவது இதைப் படிச்சா, என் பட்டியல் இது:

• ஷிப்ட் முன்னோக்கிச் சுத்தட்டும். காலை, மாலை, நைட்.
• ஒரு டூட்டிக்கும் அடுத்ததுக்கும் இடையில் குறைந்தது 11 மணி நேரம். ஐரோப்பாவில் இது சட்டம். ராத்திரி 10க்கு முடிச்சு காலை 6க்கு வரச் சொல்லாதீங்க.
• தொடர் நைட்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. கடைசி நைட்டுக்குப் பிறகு முழு ஓய்வு.
• நைட்டில் 20, 30 நிமிஷம் முறை வைத்துக் கண்ணசர ஒரு படுக்கை. அது சோம்பல் இல்ல, பாதுகாப்பு.
• கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள்: மருத்துவர் கருத்தைக் கேட்காமல் நைட் போடாதீங்க. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும்.
• நைட் பார்க்கிறவர்களுக்கு வருஷம் ஒருமுறை சுகர், பிரஷர், கொழுப்பு பரிசோதனை.

27/
"ஆள் இல்லையே டாக்டர், பத்து பேர் வேலையை ஆறு பேர் பார்க்கிறோம்" என்பீங்க. தெரியும். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவனுக்கு ஆள் பற்றாக்குறையைப் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

ஆனா ஆள் குறைவா இருக்கும்போதுதான் இருக்கிற ஆளை உடைக்காம வச்சுக்கணும். இந்தப் பட்டியலில் முதல் இரண்டுக்கு ஒரு ஆள் கூடக் கூடுதலாத் தேவைப்படாத இடங்கள் நிறைய. மற்றதுக்கு ஆள் வேணும் என்றால், காலிப் பணியிடத்தை நிரப்புவதும் ஒரு சுகர் தடுப்புத் திட்டம்தான் என்று சொல்வேன்.

28/
இதைப் படிச்சிட்டு ஒரு தவறான முடிவுக்கு வந்துடாதீங்க. "கடிகாரம் இருக்கு, அதனால மாத்திரையை நானே நேரம் மாத்திக்கிறேன்" என்று.

சில மருந்துகளுக்கு நேரம் முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரையைப் பெரும்பாலும் காலையில் தருவது, உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் நேரத்தோட ஒத்துப்போகத்தான்.

ஆனா பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால் மாரடைப்பு குறையுமா என்று பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தாங்க. 2022ல் முடிவு: காலையோ மாலையோ, வித்தியாசம் இல்ல. மறக்காம போடுவதுதான் முக்கியம்.

நைட் ஷிப்ட் பார்க்கும் சுகர் நோயாளிகள்: இன்சுலின், மாத்திரை நேரத்தை உங்க டாக்டரிடம் ஷிப்ட் அட்டவணையோட போய்க் கேளுங்க. நீங்களா மாத்தாதீங்க. லோ சுகர் ஆகிடும்.

29/
ரோஸ்டர் மாறும் வரை நீங்க செய்யக்கூடியது:

• முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒரு தூக்கம்.
• வயிறு நிறையச் சாப்பிடுவதை டூட்டிக்கு முன்பே முடிச்சுடுங்க. நடுராத்திரியில் கொஞ்சமா, லேசா.
• டீ காபி டூட்டியின் முதல் பாதியோட நிறுத்துங்க.
• வீட்டுக்கு வந்ததும் இருட்டான அறை. கண்ணை ஒரு துணியால் கட்டினாலும் போதும். போனை வேற அறையில் வைங்க.
• பிள்ளையை அனுப்பிட்டுத்தான் தூங்க முடியும்னா, மதியம் இரண்டாவது தவணைத் தூக்கம் போடுங்க.
• கண் செருகுதுன்னா வண்டியை எடுக்காதீங்க. பஸ்ஸில் போங்க, இல்ல அரை மணி நேரம் தூங்கிட்டுக் கிளம்புங்க.

இது சேதாரத்தைக் குறைக்கும். இல்லாம ஆக்காது. அந்த உண்மையை மறைச்சு "டிப்ஸ்" மட்டும் கொடுக்க எனக்கு விருப்பம் இல்ல.

30/
வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்.

பகல்ல தூங்கற அப்பாவையோ மருமகளையோ "இன்னும் எழுந்திரிக்கலையா" என்று கேட்காதீங்க. அவங்களுக்கு அது நடுராத்திரி. உங்களை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி கேஸ் புக் எங்கே என்று கேட்டா எப்படி இருக்கும்? அதே அளவு.

மதிய சமையலை வேற யாராவது செய்ங்க. அது உதவி இல்ல, மருந்து.

31/
டாக்டர் நண்பர்களுக்கு: கேஸ் ஷீட்டில் சிகரெட், மது என்று எழுதும் வரிக்குப் பக்கத்தில் "ஷிப்ட்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்க. கட்டுப்படாத சுகர், கட்டுப்படாத பிரஷர், காரணம் தெரியாத வயிற்றெரிச்சல், எல்லாவற்றிலும் கேளுங்க. அரை நிமிஷம் போதும்.

தேவைப்பட்டா, "இவருக்கு இரவுப் பணி கொடுக்க வேண்டாம்" என்று சான்று எழுதித் தர தயங்காதீங்க. பெட் ரெஸ்ட் எழுதுறோம்தானே.

32/
ஈயோ, செடியோ, வௌவாலோ, மனிதனோ, சூரியனைச் சுற்றியே வளர்ந்த உயிர்கள். நேரத்தை ஜீனில் எழுதி வச்சிருக்கோம். அதை ஒரு ஆபீஸ் ஆர்டர் போட்டு மாத்த முடியாது. ஆர்டரைத்தான் மாத்தணும்.

உங்க வேலை இடத்துல ஷிப்ட் எந்தத் திசையில் சுத்துது, இரண்டு டூட்டிக்கு நடுவில் எத்தனை மணி நேரம் கிடைக்குது என்று கமெண்ட்ல எழுதுங்க. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நைட் பார்க்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க. பகல்ல அனுப்பாதீங்க, தூங்கிக்கிட்டிருப்பாங்க.